ஊற்றாத தண்ணீர்

அவள் குவளையைச் சாய்க்கப் போன நேரத்தில் அவள் கணவர் கைத்தடியை நீட்டி அதைத் தட்டிவிட்டார். தண்ணீர் முழுக்க அவள் பாதத்தில் கொட்டியது. சுவரோரம் இருந்த செடிகளின் மேல் ஒரு சொட்டுகூட விழவில்லை. அவர் முகம் சிவந்திருந்தது. வாயைத் திறந்து மூடி, மறுபடியும் திறந்து, உள்ளே எதையோ துழாவி, கடைசியில் கையில் அகப்பட்ட ஒரு சொல்லை வெளியே தள்ளினார்.

“செருப்பு.”

அவள் உள்ளே போய் அவருடைய செருப்பை எடுத்துவந்து காலடியில் வைத்தாள். அவர் செருப்பைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். தோள் குலுங்கச் சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகு பார்த்தால் கன்னம் நனைந்திருந்தது. மருத்துவமனையிலிருந்து வந்ததிலிருந்து அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒட்டிக்கொண்டேதான் வந்தன. எது எதில் முடிந்தது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கோபமா, வலியா, வெயில் சுடுகிறதா, செடியைத் தொடாதே என்கிறாரா? எதுவாக இருந்தாலும் செருப்பு இல்லை என்பது மட்டும் தெரிந்தது. அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்தாள். அவர் கண் அசந்ததும் மறுபடியும் வெளியே வந்து, தட்டிவிட்டதற்கும் சேர்த்து ஒரு குவளை அதிகமாகவே ஊற்றினாள்.

அவர் தண்ணீர் இலாகாவில் மீட்டர் பார்க்கிறவர். வீடு வீடாக நடக்கிற வேலை. வாசலோரம் இருக்கும் இரும்பு மூடியைக் கொக்கிக் கம்பியால் தூக்கி, குழிக்குள் குனிந்து, மீட்டர் முகத்தில் படிந்த சேற்றைக் கட்டைவிரலால் துடைத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, மூடியைச் சத்தமில்லாமல் இறக்கிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். எந்த வீட்டில் குழாய் ஒழுகுகிறது, எந்த வீட்டில் விருந்தாளி தங்கியிருக்கிறார், எந்த வீட்டில் ஓர் ஆள் குறைந்துவிட்டது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்ததை வீட்டில் வந்து சொல்லும் பழக்கம் மட்டும் இல்லை. சாப்பிட்டாச்சா, கதவைச் சாத்தியாச்சா, நாளைக்கு என்ன கிழமை: அவர் பேச்சு இந்த எல்லைக்குள் முடிந்துவிடும். சுவரோடு குடித்தனம் நடத்துகிறேன் என்று அவள் தன் தங்கையிடம் எத்தனையோ முறை அலுத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு நாள் காலையில் யார் வீட்டு மூடியையோ தூக்கப் போனவர் அதன் பக்கத்திலேயே சரிந்தார். பிழைத்து எழுந்தபோது வலது கையில் பிடிமானம் இல்லை, கால் இழுத்தது. சொற்கள் இடம் மாறிப்போயிருந்தன. கதவைக் காட்டி வாளி என்றார். தேநீரைப் பேருந்து என்றார். ஆமா, இல்ல என்ற இரண்டும் எதற்கு வேண்டுமானாலும் வந்தன. கூத்து என்னவென்றால், இப்போது அவர் நிறையப் பேசினார். வருஷக்கணக்கில் அவள் கேட்டுக்கொண்டிருந்த பேச்சு கடைசியில் வந்தது, ஒரு வார்த்தைகூட விளங்காமல்.

அவள் கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். கண்ணாடிச் சில்லை ஓரம் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது, காதுக்கொம்பைச் சூடு காட்டி வளைத்து முகத்துக்குச் சரியாக உட்கார வைப்பது. கூட்டமான நாட்களில் கண் பரிசோதனைக்கும் அவளே நிற்பாள். இது தெளிவா இருக்கா, அதுவா என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, வீட்டில் காய்கறி நறுக்கும்போதுகூட அந்தக் கேள்வி தானாக வாயில் வரும். அவரை முதலில் பார்த்ததும் அந்தக் கடையில்தான். மீட்டரில் எட்டை மூன்றென்று படித்துவிட்டார் என்று யாரோ புகார் கொடுத்திருந்தார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு போனவர், ஆணி லூசாகிவிட்டது என்று அடிக்கடி திரும்பி வந்தார். அந்த ஆணி தானாக லூசாகும் ஆணி இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் முறுக்கிக் கொடுத்தாள். அப்படி ஆரம்பித்ததுதான். கல்யாணத்துக்குப் பிறகு அவர் அவளைக் கண்ணாடி என்று கூப்பிட்டார், அவள் அவரை மீட்டர் என்று கூப்பிட்டாள். மகள் வளர்ந்ததும் அவள் வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டாள். அவர் நிறுத்தவில்லை. பேசுகிற கொஞ்சப் பேச்சில் அந்தப் பெயர் தினமும் இருந்தது. விழுந்த நாளிலிருந்து அது ஒரு முறைகூட வரவில்லை. அவளைப் பார்த்து அவர் ஜன்னல் என்றார், தபால் என்றார், ஒரு தடவை மாடு என்றுகூடச் சொன்னார். கண்ணாடி மட்டும் வரவில்லை.

செடி வந்த கதையும் அரைகுறையாகத்தான் அவளுக்குத் தெரியும். உடம்பு சரியாக இருந்த காலத்தில் ஒரு நாள் வேலை முடிந்து வந்தவர் கைக்குட்டையில் எதையோ முடிந்து கொண்டுவந்தார். வீடு கட்டியபோது மிஞ்சிய சரளை கொட்டிக் கிடக்கும் சுவரோரத்தில் குந்தி உட்கார்ந்து, அதை மணலோடு சேர்த்து உள்ளங்கையில் வைத்துத் தேய்தேய் என்று தேய்த்துத் தூவினார். என்ன அது என்று கேட்டாள். பூ என்றார். என்ன பூ என்று கேட்டதற்குச் சின்னப் பூ என்றார். அவளுடைய ரோஜாத்தொட்டிகளுக்கு வாளி வாளியாகத் தண்ணீர் தூக்கித் தருகிற மனுஷன், அந்த இடத்துக்கு மட்டும் ஒரு கை தண்ணீர் தெளிக்கவில்லை. வெகுநாள் ஒன்றும் முளைக்கவும் இல்லை. அவளும் மறந்துபோனாள். அவர் மருத்துவமனையில் இருந்தபோதுதான் சுவரோரம் சாம்பல் பூத்த மாதிரி ரோமம் படர்ந்த குட்டி இலைகளோடு எதுவோ தரையோடு தரையாகப் பரவியது. அவர் தடி ஊன்றி வரும்போது வழுக்கக் கூடாது, கால் மாட்டக் கூடாது என்று அவள் களையெல்லாம் சேர்த்துப் பிடுங்கிச் சுத்தமாகப் பெருக்கி வைத்தாள். வண்டியிலிருந்து இறங்கியவர் வீட்டுக்குள் வரவில்லை. சுவர்ப்பக்கம் போய், அந்தச் சரளைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஓட்டுநரும் அவளும் சேர்ந்துதான் தூக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கை தவறிப்போன மூலையில் சில செடிகள் மிஞ்சியிருந்தன. அவற்றையாவது காப்பாற்றிக் கொடுத்துவிட வேண்டும் என்று அவள் தலைகீழாக நின்றாள். காலையில் தண்ணீர், சாயங்காலம் தண்ணீர், ரோஜாவுக்கு வாங்கிய எரு. வெயில் படக் கூடாது என்று ஒரு பழைய துணியைப் பந்தல்போல் கட்டினாள். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக் கையை ஆட்டுவார், குரல் கொடுப்பார். உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து அவள் இன்னொரு குவளை ஊற்றுவாள். செடிகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி, தண்டின் அடி கொழகொழத்துச் சாய்ந்தன. வெளியூரிலிருந்து தொலைபேசியில் பேசிய மகள், அம்மா இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்திப் பாரேன் என்றாள். அவரே தடியை ஊன்றிச் சுவர்வரைக்கும் நடந்துவந்தது குவளையைத் தட்டிவிட்ட அந்தக் காலையில்தான்.

ஒரு தையல்காரி அவரைத் தேடி வந்தது கடை விடுமுறை நாளில். வாசற்கதவுக்கு வெளியே நரையோடிய தலையுடன் ஒருத்தி நின்று, மீட்டர்காரர் வீடு இதுதானே என்று கேட்டாள். கழுத்தில் அளவெடுக்கிற நாடா தொங்கியது. போட்டுக்கொண்டிருப்பதையே மறந்து தெருவெல்லாம் நடந்து வந்திருக்கிறாள் போல. ஒரு பக்கக் கொம்பு உடைந்து நூலால் சுற்றிய தடித்த கண்ணாடி மூக்கில் கோணலாக நின்றது. இப்போது தன் பகுதிக்கு மீட்டர் பார்க்க வருகிற புது ஆளிடம் கேட்டு முகவரி தெரிந்துகொண்டதாகச் சொன்னாள். உடம்புக்கு முடியாமல் போனது தனக்குத் தெரியவே தெரியாது என்றாள். அவர் வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் படியில் நின்று கதவைத் திறந்துவிட்டாள். தையல்காரி உள்ளே கால் வைத்தாள். அவர் தலையை நிமிர்த்தினார்.

“கண்ணாடி,” என்றார்.

துழாவல் இல்லை, தடுமாற்றம் இல்லை. பழைய குரலில், பழைய மாதிரியே. அவள் கை கதவுத் தாழ்ப்பாளிலேயே நின்றுவிட்டது. திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கண் தையல்காரியின் மேலும் இல்லை, அவள் மேலும் இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் எங்கோ இருந்தது. தையல்காரி சங்கோசமாகத் தன் முகத்தைத் தொட்டுக்கொண்டாள்.

“ஆமாங்க, உடைஞ்சு போச்சு. பாருங்களேன், வந்ததும் கண்டுபிடிச்சுட்டார்.”

உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தாள். தையல்காரி வந்த காரியத்தைச் சொன்னாள். அவள் தன் அண்ணன் வீட்டுப் பின்னறையில் திரைச்சீலையும் மெத்தை உறையும் தைக்கிறவள். அறைக்கு வெளியே கொஞ்சம் தரிசு நிலம். யாரும் வைக்காமல், யாரும் தண்ணீர் காட்டாமல், அதில் ஒரு சின்ன நீலப் பூச்செடி தானாகப் படர்ந்து கிடந்தது. மீட்டர் குழியும் அதற்குள்தான். இவர் ஒரு பூவைக்கூட மிதிக்காமல் சுற்றிச் சுற்றிக் கால் வைத்துப் போவாராம். அண்ணன் கார் வாங்கப்போகிறார், சிமெண்ட் போடப்போகிறார் என்று தெரிந்ததும் அவள் விதையைச் சேர்த்து இவரிடம் கொடுத்தாள். எங்கேயாவது இருக்கட்டும் என்று. இப்போது சிமெண்ட் போட்டாயிற்று. ஜன்னலைத் திறந்தால் காரின் பின்புறம்தான் தெரிகிறது. ஒரு தொட்டியிலாவது வைத்துப் பார்க்கலாம், விதை கொஞ்சம் திரும்ப வாங்கிக்கொண்டு போகலாம் என்று வந்தாள்.

அவள் எழுந்து தையல்காரியைச் சுவரோரம் கூட்டிப்போனாள். துணிப் பந்தலுக்குக் கீழே இரண்டே செடிகள் வெளிறிப்போய்க் கிடந்தன. மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. களை என்று நினைத்து நான்தான் பிடுங்கிவிட்டேன், மிச்சத்துக்கு ஒரு வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று சொன்னாள். தையல்காரி குந்தி உட்கார்ந்து மண்ணை விரலால் அழுத்தினாள். விரல் முட்டிவரை இறங்கியது. பிறகு அந்தப் பந்தலை அவிழ்க்கட்டுமா என்று கேட்டு, தானே அவிழ்த்துச் சுருட்டி வைத்தாள்.

“இதுக்குத் தண்ணியே ஆகாதுங்க. உங்க மேல தப்பில்ல. எந்தச் செடிக்கும் ஊத்தத்தானே தோணும்.”

நாற்காலியிலிருந்து அவர் ஏதோ சொன்னார். இருவரும் திரும்பினார்கள். படி, படி என்றார். ஆமாவா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை.

அந்தக் கண்ணாடியைக் கொடுங்கள், நான் சரிசெய்து தருகிறேன் என்று அவள் சொன்னாள். வீட்டிலும் சின்னத் திருப்புளியும் ஆணிகளும் ஒரு டப்பாவில் இருந்தன. நூலைப் பிரித்தாள். கொம்பு உடையவில்லை, ஆணிதான் விழுந்திருந்தது. கண்ணாடி இல்லாத முகத்துடன் தையல்காரி வெளிச்சம் வருகிற பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சில்லின் கனத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அது இல்லாமல் எதிரே இருக்கிறவர் முகம் இவளுக்கு வெறும் புகை. அதனால் அவள் தைரியமாகத் தையல்காரியின் முகத்தைப் பார்த்தாள். மூக்கின் இரு பக்கமும் அழுந்திய தடம், உதட்டோரத்தில் குண்டூசி கடித்துக் கடித்து ஏற்பட்ட சின்னக் காய்ப்பு. அழகா இல்லையா என்று சொல்ல முடியாத முகம். தன்னைவிட மூத்தவளாக இருக்கலாம், இளையவளாகவும் இருக்கலாம். ஆணியை முறுக்கிக்கொண்டே, அவர் அடிக்கடி வருவாரா என்று கேட்டாள். அந்தப் பக்கம் வந்தால் வருவார் என்று பதில் வந்தது. பூ இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்காருவார், நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார்.

திருப்புளி வழுக்கிச் சில்லில் ஒரு கோடு போடப் பார்த்தது. நல்லவேளை, போடவில்லை.

“பேசுவாரா?”

“நிறைய பேசுவார்ங்க. கையெல்லாம் ஆட்டி.”

“என்ன பேசுவார்?”

தையல்காரி யோசித்தாள். உண்மையிலேயே யோசித்தாள். வெறும் கண்களைச் சுருக்கி, நெற்றியைத் தடவினாள்.

“தெரியலைங்க. என் மெஷின் ஓடிட்டே இருக்கும். பழைய மெஷின், ரொம்ப சத்தம். அவர் வாய் அசையறது தெரியும். நானும் தலையாட்டிட்டே தைப்பேன். நிறுத்திட்டு என்னன்னு கேக்கணும்னு நினைப்பேன். வேலை முடியணுமே. அவரும் நிறுத்தச் சொன்னதில்ல.”

அவள் கண்ணாடியைத் துடைத்துத் தையல்காரியின் முகத்தில் மாட்டி, காதுப் பக்கம் சரிபார்த்தாள். வேலைப் பழக்கத்தில் தெளிவா இருக்கா என்று கேட்டுவிட்டாள். தையல்காரி ரொம்பத் தெளிவாக இருக்கிறது என்று அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். பூத்துக் காய்த்தால் விதை எடுத்து வைக்கிறேன் என்று அவள் சொன்னாள். போகும்போது தையல்காரி அவர் முன்னால் நின்று, போய்ட்டு வரேங்க என்றாள். அவர் மடியில் கிடந்த வலது கையை இடது கையால் தூக்கி ஆட்டினார்.

கதவைச் சாத்திவிட்டு வந்து அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“யாரைச் சொன்னீங்க? என்னையா?”

“ஆமா.”

“அவங்களையா?”

“ஆமா.”

“அவங்க போட்டிருந்த கண்ணாடியையா?”

“ஆமா,” என்றார் அவர். அவள் முகத்தைப் பார்த்துப் பதறிப்போய், “இல்ல, இல்ல,” என்றார். பிறகு, “மழை,” என்றார்.

அதற்குப் பிறகு அவள் மனசு ஒரு நிலையில் நிற்கவில்லை. கடையில் ஒருவருடைய சில்லை மற்றவர் சட்டத்தில் பொருத்திவிட்டு மறுபடி கழற்றினாள். கோபப்படலாம் என்றால் எதற்கு என்று தெரியவில்லை. ஒரு மனுஷன் ஒரு கல்லில் உட்கார்ந்து, காது கேட்க வழியில்லாத இடத்தில் பேசியிருக்கிறார். அது குற்றமா? வீட்டில் அவளுக்கு நல்ல காது இருந்தது. வீடு அமைதியாக இருந்தது. அங்கே ஒன்றும் வரவில்லை. கேட்கிறவர்கள் இருந்தால் பேச்சு வராத மனுஷனா? அல்லது அவள் ஒன்று கேட்டு முடிப்பதற்குள் இன்னொன்று கேட்டுவிடுவாளா? தங்கை அவளை ரேடியோ என்றுதான் கிண்டல் செய்வாள். பொறாமைப்படலாம் என்றாலும் அந்த நரைத்த தலையும் கழுத்து நாடாவும் கண்ணில் வந்து நின்று, அதையும் முழுசாகப் பட விடவில்லை. அந்தப் பேச்செல்லாம் என்னவாக இருந்திருக்கும் என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. அவளைப் பற்றியா? தையல்காரியைப் பற்றியா? வெறும் ஒழுகுகிற குழாய்களைப் பற்றியா? தெரிந்த ஒரே ஆளுக்கு இப்போது சொல்லத் தெரியாது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண்ணிடம் சுற்றிவளைத்துக் கேட்டுப் பார்த்தாள். ரொம்ப நாள் வராத ஒரு சொல் திடீரென்று சுத்தமாக வந்தால் என்ன அர்த்தம் என்று. அந்தப் பெண் படம் போட்ட அட்டைகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

“சில நேரம் எதிர்ல இருக்கிற பொருளைப் பார்த்து வரும். சில நேரம் ஆளைப் பார்த்து வரும். சில நேரம் சும்மாவே வரும். எது எதுன்னு நமக்குத் தெரியாதும்மா. வந்துச்சேன்னு சந்தோஷப்படுங்க.”

சந்தோஷப்படத்தான் பார்த்தாள். அந்தக் குரலை நினைத்தால் சிரிப்பு வந்தது. உடனே அந்தக் கண் எங்கே பார்த்தது என்ற நினைவு வந்து, சிரிப்பு அப்படியே நின்றது. அவளும் ஒரு நாள் தன் கண்ணாடியைக் கழற்றி அவர் முன்னால் நீட்டினாள். அவர் அதை வாங்கி, சட்டை நுனியால் ஒரு கையாலேயே துடைத்து, திருப்பிக் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை.

தண்ணீர் ஊற்றாமல் இருப்பது அவள் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. ரோஜாவுக்கு ஊற்றிவிட்டுத் திரும்பும்போது குவளையில் மிஞ்சியது தானாகவே அந்தப் பக்கம் சாயும். கையைப் பிடித்து இழுத்துக்கொள்வாள். வெயில் ஏறியது. இரண்டு செடியும் சரளையோடு ஒட்டிப் படுத்துவிட்டன. இலை சுருண்டு, தொட்டால் காகிதம்போல் இருந்தது. பச்சை இருக்கிறதா, அல்லது தான் ஆசைப்படுவதால் பச்சையாகத் தெரிகிறதா? எத்தனையோ பேர் கண்ணைச் சோதித்தவளுக்குச் சொல்ல முடியவில்லை. இது செத்துவிட்டதா என்று அவரிடம் கேட்டாள். அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எருவையெல்லாம் சுரண்டி எடுத்தாள். சரளையைத் திரும்பக் கொட்டினாள். சும்மா இருப்பதும் ஒரு வேலை என்று மகளிடம் சொன்னாள். மகளுக்குப் புரியவில்லை. சொன்னவளுக்கும் முழுசாகப் புரிந்துதான் சொன்னாளா என்பது சந்தேகம்.

இன்னொரு விடுமுறை நாளில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பியவள், நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்துப் பதறினாள். அவர் சுவரோரம் சரளையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எப்படி இறங்கினார் என்று தெரியவில்லை. தடி ஒரு பக்கம் கிடந்தது. விழுந்துவிட்டாரோ என்று ஓடிவந்தவள், அவர் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டுப் பாதியில் நின்றாள். பேச்சு தடங்கலில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல கை விரிந்தது, மடங்கியது, எதையோ அளந்து காட்டியது. “சீப்பு வந்து மேல ஏறிடுச்சு, அந்த வியாழக்கிழமை இருக்கு பாரு, அது விடல, பஞ்சு பஞ்சா பாலத்துக்குக் கீழ…” அதில் ஏற்றம் இருந்தது, இறக்கம் இருந்தது, வேடிக்கையான ஓர் இடத்தில் நிறுத்திச் சிரிக்கிற சிரிப்பும் இருந்தது. ஒரு முழுக் கதை. அவருக்கு முன்னால், செத்தது என்று அவள் பாதி முடிவு செய்திருந்த செடியின் நுனியில், சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லாத ஒரு நீலப் பூ விரிந்திருந்தது.

தூக்கிவிடலாமா, இருக்கட்டுமா என்று அவள் தயங்கினாள். யாரிடம் பேசுகிறார்? பூவிடமா, சுவரிடமா, அவள் இதுவரை பார்த்திராத அந்தக் கல்லில் உட்கார்ந்துகொண்டு தையல்காரியிடமா? அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பேச்சை நிறுத்தவில்லை. பார்த்துக்கொண்டே தொடர்ந்தார். அவள் காய்கறிப் பையை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சரளை குத்தியது. சீப்பு யார், பாலம் எங்கே இருக்கிறது என்று நாக்கு நுனிவரை வந்த கேள்விகளை விழுங்கிக்கொண்டாள். அவர் நிறுத்துகிற இடங்களில் ம் என்றாள். அடுத்த இடத்தில் அப்புறம் என்றாள். அவர் குரல் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

வெயில் உச்சிக்கு நகர்ந்தது. பூவின் இதழ்கள் ஓரத்திலிருந்து மெல்லச் சுருளத் தொடங்கின. அது எப்போதும் இப்படித்தானா, இன்றைக்கு மட்டுமா என்று தெரியவில்லை. அவள் தோளின் நிழல் நகர்ந்து வந்து செடியின் பாதியை மூடியிருந்ததை அப்போதுதான் கவனித்தாள். அதற்கு நிழல் நல்லதா, கெட்டதா? அவர் பேச்சுக்கு நடுவே, சத்தம் வராமல், அவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.